கருவறையில் வேலை நடக்கிறது

“சோறு இல்லாம இதென்ன பொழைப்பு சாமி?”

குஞ்சிதபாதம் டம்ளரை நங்கென்று தரையில் வைத்தார். மடத்துக் கோயிலின் மடைப்பள்ளியே அவர் கையில்தான். ஊருக்கெல்லாம் பொங்கல் கிண்டிப் போட்ட மனுஷன், இப்போது எலும்பும் தோலும்.

மடத்துத் துறவியான தம்பிரான் அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் குரு. எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“டாக்டர் கொடுத்த மாவு. தண்ணியில கரைச்சு இதை மட்டுமே குடிக்கணுமாம். ஒரு பருக்கை பல்லுல படக்கூடாதாம். உடம்புக்கு வேண்டியதெல்லாம் இதுலயே இருக்காம். குடல் வீக்கம் வத்தி உள்ள இருக்கற புண்ணு ஆறுமாம். எங்க ஆறுது? இன்னிக்குக் காலையிலகூட ரத்தம்.”

“ஆறலைன்னா?”

“மறுபடி குடலை வெட்டணும்.” வயிற்றைத் தடவிக்கொண்டார். “போன தடவை வெட்டினதுபோக மிச்சமே கொஞ்சந்தான். பயமா இருக்கு சாமி.”

தம்பிரான் எழுந்தார்.

“ஒரு தவலை நிறையச் சர்க்கரைப் பொங்கல் வையும். நெய்யைத் தாராளமா விடும். கருவறையில படைப்போம்.”

குஞ்சிதபாதம் திடுக்கிட்டார். கோயிலில் திருப்பணி நடக்கிறது. பீடம் விரிசல் விட்டதால் கருவறையில் பூசையை நிறுத்தி, பக்கத்துக் கொட்டகையில் தற்காலிகமாகப் பாலாலயம் அமைத்து மூலவரை அங்கே எழுந்தருளச் செய்திருந்தார்கள்.

“குடமுழுக்கு ஆகறவரைக்கும் உள்ள படைக்கவே கூடாதே!”

“அதுவரைக்கும் அவர் பட்டினியா?”

“பட்டினியா? பாலாலயத்துல நித்தம் நைவேத்தியம் நடக்குதே. ஒரு வேளை தவறலை.”

தம்பிரான் அவரைக் கருவறை வாசலுக்கு அழைத்துப் போனார். உள்ளே ஸ்தபதியின் ஆட்கள் பீடத்தின் விரிசலை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது.

“இங்கேயும் கொஞ்சம் படைச்சா என்ன? ஒரே ஒரு உருண்டை?”

“ஐயோ, வேண்டாம்!” குஞ்சிதபாதத்துக்குக் கோபமே வந்துவிட்டது. குருவிடம் பேசுகிறோம் என்பதும் மறந்துபோயிற்று. “பூச்சு இன்னும் ஈரமா இருக்கு. இப்பப் போயி நெய்யும் சோறுமா உள்ள நுழைஞ்சா, ஒட்டினதெல்லாம் பெயர்ந்துடும். வேலை முடியட்டும். அப்புறம் அண்டா அண்டாவாப் படைக்கலாம். அதுக்குள்ள என்ன அவசரம்?”

தம்பிரான் தலையாட்டினார்.

பிறகு குஞ்சிதபாதத்தின் இடுப்பைப் பார்த்தார். வேட்டி மடிப்புக்குள் வாழையிலைப் பொட்டலம் ஒன்று புடைத்திருந்தது. நெய் கசிந்து துணியில் படர்ந்திருந்தது.

“அப்ப, காலையில ரத்தம் வந்துச்சே, நேத்து உள்ள படைச்சது யாரு?”