மக்கள் என்ன கேட்டார்கள்?

முன்னொரு காலத்தில் மணவூர் என்ற நாட்டை ஒரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தின்றார் என்பதுதான் சரி. பசி பொறுக்காமல் ஜனங்கள் திரண்டு கோட்டைக் கதவை உடைத்தபோது, ராஜா கொல்லைப்புறமாக ஓடிப்போனார். கூட்டத்துக்கு முன்னால் நின்றவள் உப்பளத்தில் வேலை செய்த செங்கேணி. "ஊர் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்போம்" என்றாள் அவள்.

ஊர் கூடுவதற்குள் தளபதி மகரகேது முந்திக்கொண்டான். முந்தின நாள் வரை ராஜாவுக்காக ஜனங்களை ஈட்டியால் குத்திய அதே ஆள்! சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்து, "இனி நான்தான் நாட்டின் தலைவன். மக்கள் கேட்டுக்கொண்டார்கள்" என்றான்.

"யார் கேட்டது?" என்று செங்கேணி ஒருத்திதான் முகத்துக்கு நேரே கேட்டாள். அவளைச் சிறையில் அடைத்து, மறுநாள் உச்சிவேளையில் தலையை வெட்ட உத்தரவாயிற்று. வெட்கங்கெட்ட பயல்!

நேற்று ராஜாவைப் பாடிய சபைப் புலவர் குழைக்காதர் இன்று தளபதியின் காலடியில் நின்றார்.

"பிரபு, முரசறைந்து எதைச் சொன்னாலும் ஜனங்கள் 'கேட்டோம்' என்று குரல் கொடுப்பது நம் வழக்கம். காதில் விழுந்தது என்று அதற்கு அர்த்தம். நாளை நீங்கள் தலைவரானதை முரசறையச் சொல்லுங்கள். அவர்கள் 'கேட்டோம்' என்றதும், 'தலைவராகும்படி கேட்டோம்' என்று ஏட்டில் எழுதிவிடுகிறேன்."

"அடடா, மூளையய்யா உமக்கு!"

முரசறைபவன் வேம்பன், செங்கேணியின் அண்ணன். விஷயம் காதில் விழுந்ததும் அவன் தளபதியிடம் போனான். பணிவாக, "பிரபு, மக்கள் கேட்டதைச் செய்வேன் என்று வாளைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னால் குரல் ஓங்கி வரும்" என்றான்.

வாளைத் தொட்டுச் சொன்னதை மீறியவனுக்கு மணவூர்ப் படையில் ஒருவனும் கட்டுப்பட மாட்டான். தளபதிக்கு அது தெரியும். ஆனாலும் பதவி ஆசை கண்ணை மறைத்தது.

மறுநாள் காலை மைதானத்தில் படை சூழ நின்று, "மக்கள் கேட்டதைச் செய்வேன்!" என்று வாளைத் தொட்டான். வேம்பன் முரசறைந்து, "தளபதி தலைவரானார்!" என்றான்.

"கேட்டோம்" என்று கூட்டம் முனகியது. புலவரின் எழுத்தாணி ஓடியது.

வேம்பன் இன்னும் ஓங்கி அடித்தான். "ஜனங்களே! இந்த ஆளைத் தலைவனா ஆகச் சொல்லி நீங்க கேட்டதா புலவர் எழுதுறாரு! நெசமா என்ன கேட்டீங்க? உரக்கச் சொல்லுங்க!"

 ஒரு மீன்காரி கத்தினாள்: "சோறு கேட்டோம்!"

"எம்மவனை ஏன்டா குத்தினேன்னு கேட்டோம்!"

"செங்கேணியை விடச் சொல்லிக் கேட்டோம்! இவனைக் கீழே இறங்கச் சொல்லிக் கேட்டோம்!"

"வெட்டுங்கடா இவங்களை!" என்று தளபதி அலறினான். ஒரு வீரனும் அசையவில்லை.

"வாளைத் தொட்டீங்களே, ஐயா" என்று மூத்த வீரன் ஒருவன் தளபதியின் கையிலிருந்து வாளை வாங்கிக்கொண்டான். சிம்மாசனத்தில் இருந்தவனைச் சிறைக்கு இழுத்துப் போனார்கள். சிறையில் இருந்தவள் வெளியே வந்தாள்.

குழைக்காதர் ஓடோடி வந்து அவள் முன்னால் குனிந்தார். "தாயே! சிம்மாசனம் காலியாக இருக்கிறது."

"இருக்கட்டும்" என்றாள் செங்கேணி. "ஊர் கூடி ஆளைச் சொல்றதுக்கு முன்னாடி அதுல யார் உட்கார்ந்தாலும் இழுத்துக் கீழே போடுங்க. நான் உட்கார்ந்தாலும்தான்."