நண்டோடைக் குப்பத்தார் கரை காத்த கதை

நண்டோடைக் குப்பத்தில் நாற்பது வீடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பனாறு. கடல் பொங்கும்போது தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும். இறங்கும்போது கரையில் ஒரு வாய் மண்ணை எடுத்துக்கொண்டு போகும். போன ஐப்பசியில் செம்புலிங்கத்தின் கோழிக்கூடு போனது. மாசியில் கருவாடு காயவைக்கும் இடம் போனது. இப்போது ஆற்றுக்கும் அவர் வீட்டு அடுப்படிக்கும் நடுவே எட்டடிதான் பாக்கி. அவர் மனைவி பவுனம்பாள் ஒரு கண்ணைக் குழம்பிலும் ஒரு கண்ணை ஆற்றிலும் வைத்துச் சமைத்தாள்.

நண்டோடைக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதுதான் அவர்களிடம் இருந்த ஒரே கஷ்டம்.

அலையாத்திக் காடு வளர்க்கக் கற்றுத்தரும் இன்பவல்லி என்ற அலுவலர் இரண்டு மூட்டை விதையோடு வந்து இறங்கினார். சுரபுன்னை விதை. முருங்கைக்காய்த் துண்டு மாதிரி நீளம், ஒரு முனை கூர். இது மரமானால் வேர் சேற்றைப் பிடித்துக்கொள்ளும், கரை நிற்கும் என்று விளக்கினார். தண்ணீர் ஏறி இறங்குகிற இடமாகப் பார்த்து நடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊர்த் தலைவரான நாட்டார் பக்கிரிசாமி ஊரைக் கூட்டினார். நம் ஊரில் தண்ணீர் ஏறி இறங்கும் இடம் எது என்று யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் தில்லைக்கண்ணு எழுந்தார். ஒருமுறை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து டவுனுக்குப் போய்வந்தவர் என்பதால் ஊரில் விவரமானவர் அவர்தான். மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறுகிறது, குழாயைத் திறந்தால் இறங்குகிறது என்றார். பொழுது சாய்வதற்குள் ஒரு மூட்டை விதை முழுவதையும் மேல்நிலைத் தொட்டியைச் சுற்றி நட்டுவிட்டார்கள்.

மறுவாரம் வந்த இன்பவல்லி தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு எல்லாரையும் ஆற்றுச் சேற்றுக்குக் கூட்டிப் போய் இடத்தைக் காட்டினார்.

"மூக்கு நாலு விரல் சேத்துக்குள்ள இருக்கணும். தலை நிமிர்ந்து நிக்கணும். இது ரெண்டும் தப்பக் கூடாது" என்றார். அடுத்த ஊருக்குப் படகு கிளம்பிக்கொண்டிருந்ததால் அவசரமாக ஏறிப் போய்விட்டார்.

ஊரே சேற்றில் குப்புறப் படுத்தது.

"நாட்டாரே, என் மூக்கே ரெண்டு விரல்தான் இருக்கு" என்றார் செம்புலிங்கம்.

"மிச்சத்துக்கு நெத்தியைக் குடு."

"மூக்கு உள்ள போனா தலை எப்படி நிமிரும்?" என்று தில்லைக்கண்ணு கேட்டார். நியாயமான கேள்வி. நாட்டார் சேற்றுக்குள்ளிருந்தே யோசித்தார்.

பவுனம்பாள்தான் வழி சொன்னாள். "பாதிப் பேர் மூக்கை வைங்க. பாதிப் பேர் நிமிர்ந்து நில்லுங்க. கணக்கு சரியாப் போயிடும்."

அப்படியே செய்தார்கள். விதை மூட்டை கரையில் பத்திரமாக இருந்தது. இன்பவல்லி திரும்பி வந்தபோது ஊரில் பாதிப் பேருக்குச் சளி.

இந்த முறை அவரே சேற்றில் இறங்கி, மூக்கு என்றால் விதையின் மூக்கு என்று கையைப் பிடித்துக் காட்டி, மூட்டையில் இருந்த அறுநூறு விதையையும் நட வைத்தார். கிளம்பும்போது, இது வேரால் மூச்சு விடுகிற மரம், குப்பை சேர்ந்து மூச்சடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்.

அவர் தலை மறைந்ததும் தண்ணீர் ஏறியது. கணுக்கால், முழங்கால், இடுப்பு. நட்டது ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"மூச்சு முட்டுதே அதுங்களுக்கு" என்று அலறிக்கொண்டு பவுனம்பாள் முதலில் குதித்தாள். ஊரே பின்னால் குதித்தது. முங்கி முங்கி அறுநூறையும் பிடுங்கிப் படகில் போட்டார்கள். ஒவ்வொன்றையும் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். எல்லாரும் ஒரே பக்கம் நின்று தட்டியதால் படகு கவிழ்ந்தது. இருந்த விதையெல்லாம் நீரோடு போயிற்று.

மூன்று நாள் யாரும் கடலுக்குப் போகவில்லை. பவுனம்பாள் அடுப்பே மூட்டவில்லை. அறுநூறும் முங்கிச் செத்துப்போனதாக இன்பவல்லிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் அதன்பின் மூன்று வருஷம் அந்தப் பக்கம் வரவில்லை.

விதைகள் சாகவில்லை. தண்ணீர் ஏறும் ஏற்றத்திலும் இறங்கும் வற்றத்திலும் மிதந்து அலைந்து, செம்புலிங்கத்தின் அடுப்படிக்குக் கீழே ஆறு திரும்புகிற இடத்தில் போய் ஒதுங்கி, மூக்கைத் தாமே சேற்றில் குத்திக்கொண்டன. மூன்று வருஷத்தில் ஆள் உயரம் வளர்ந்துவிட்டன. எட்டடி பத்தடி ஆகியிருந்தது. பவுனம்பாள் இரண்டு கண்ணையும் குழம்பில் வைத்துச் சமைத்தாள்.

திரும்பி வந்த இன்பவல்லி நேரே மரங்களிடம் ஓடினார். யார் நட்டது என்று கேட்டார்.

"யாரும் நடலம்மா. நாங்க நட்டது செத்துப்போச்சு. இது வேற யாரோ, தானா வந்து நிக்குது" என்றார் நாட்டார்.

இன்பவல்லி சந்தோஷப்பட்டு, மரத்திலிருந்து வளைந்து சேற்றில் இறங்கியிருந்த வேர்களைத் தொட்டுக் காட்டினார். "பாருங்க, எத்தனை காலை ஊனி நிக்குது. இனி ஒவ்வொரு காலா எடுத்து வச்சு, ஆத்துக்குள்ள நடந்து போகும்."

அவர் போனதும் ஊர் கூடியது. சேற்றில் எங்கு பார்த்தாலும் சிப்பி. வெறுங்காலோடு மரம் எப்படி நடக்கும்?

வீட்டுக்கு வீடு செருப்பைச் சேகரித்தார்கள். தில்லைக்கண்ணு எண்ணிப் பார்த்ததில் முதல் மரத்துக்கே பதினேழு கால்.

"இதுல எது இடது கால்?" என்றார் செம்புலிங்கம்.

"மரம் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்" என்றார் தில்லைக்கண்ணு.

பொழுது போகும்வரை பேசியும் முடிவாகவில்லை. அகப்பட்ட வேரில் அகப்பட்ட செருப்பை மாட்டிவிட்டு ஊரே வெறுங்காலோடு வீடு திரும்பியது.

காலையில் வந்து பார்த்தால் நாற்பது வீட்டுச் செருப்பும் வற்றத் தண்ணீரில் வரிசையாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

"செருப்பு கிளம்பிடுச்சு, மரம் இன்னும் தூங்குது" என்றார் நாட்டார் கவலையோடு.

பவுனம்பாள் இறங்கிப் போய் ஒரு மரத்தின் கிளையைப் பிடித்து மெல்ல உலுக்கினாள்.

"எழுந்திரு ராசா. இப்பப் போனாத்தான் பிடிக்கலாம்."