முட்டைக்குள்ள முட்டை

ஒரே ஒரு ஊர்ல சடைச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்குன்னு இருந்ததெல்லாம் ஒரு கத்திரிக் கொல்லைதான். அந்த ஊரு ராசாவுக்குக் கத்திரிக்கான்னா உசிரு. ஒருநாளு சமையக்காரன் சடைச்சி கொல்லைக் காயை அரிஞ்சா, உள்ளேருந்து புழு எட்டிப் பாக்குது. ராசா அவளைக் கூப்பிட்டு மூக்கு விடைக்கச் சொன்னானாம், "ஏ சடைச்சி, அடுத்த அமாவாசைக்கு ஒரு கூடை காய் வரணும். ஒண்ணுல ஓட்டை இருந்தாலும் கொல்லை எனக்கு."

அழுதுகிட்டே கொல்லைக்குப் போனா, அங்க அந்துப்பூச்சி உக்காந்திருக்கு. வெள்ளைச் சீலை, அதுல காப்பிக்கலர் புள்ளி, அம்புட்டு லட்சணம். "அக்கோவ், இலைக்கடியில ஒரு முட்டை வச்சுக்கிறேனே"ன்னு இழுத்துச்சு. சரின்னா. அப்புறம் "இன்னொண்ணுக்கா." சரின்னா. அப்புறம் "கடைசியா ஒண்ணேயொண்ணுக்கா." அதுக்கும் சரின்னா. அதுலேருந்து வர்ற புழுதான் காயைக் குடையுதுன்னு அவளுக்கு எங்க தெரியும்? சிரிக்காதீங்க, உங்களுக்கும் இப்பத்தானே தெரிஞ்சுது.

மறுநாளு குருணையைவிடச் சின்னதா ஒண்ணு வந்து, "ங்ஙீ... ஆத்தா, நானும் வரட்டா?"ன்னுச்சு.

"நீ யாரு?"

"குளவி."

அவ்வளவுதான், சடைச்சி முந்தானையால தலையை மூடிக்கிட்டு வரப்புவரைக்கும் ஓடினா.

"ஓடாத ஆத்தா, எனக்குக் கொட்டத் தெரியாது. அந்து முட்டைக்குள்ள என் முட்டையை வைப்பேன், புழு வராது."

"முட்டைக்குள்ள முட்டையா? யாருகிட்ட கதை விடுற?"

குளவி அதும்பாட்டுக்கு முட்டையை வச்சுட்டுப் போயிருச்சு. நாலு நாள் கழிச்சுப் பாத்தா அந்து முட்டையெல்லாம் கறுப்பு. செடிக்குச் சீக்குன்னு முட்டை ஒட்டின இலையெல்லாம் பறிச்சு அடுப்புக்குக் கொண்டுபோனா. குளவி பின்னாடியே பறந்து வந்து, "போடாத ஆத்தா, உள்ள என் புள்ளைங்க. இன்னும் நாலு நாளு பொறு"ன்னு கெஞ்சுச்சு. பொறுத்தா கொல்லை போயிருமோன்னு சடைச்சிக்குப் பயம். ஆனாலும் திரும்பிப்போய் இலையையெல்லாம் செடியிலயே சொருகி வச்சா.

நாலாம் நாளு அந்துப்பூச்சி சிங்காரிச்சுக்கிட்டு வந்து, "பேரு வைக்கணும், வாங்கடி கண்ணுகளா"ன்னு கூப்பிட்டுச்சு. முட்டை ஓட்டை விழுந்து, குருணை குருணையாக் குளவி வருது.

"கும்பிடுறோம் பெரியம்மா. வேற முட்டை இருக்கா?"

அந்துக்கு மயக்கமே வந்துருச்சு. புதுசா எங்க முட்டை வச்சாலும் அங்க ஒரு பெரியம்மான்னு குரல் கேக்குது. ஒரு கொல்லை, ரெண்டு கொல்லை, மூணு கொல்லை ஓடிப் பாத்துட்டு, ஊரைவிட்டே போயிருச்சு.

அமாவாசைக்கு ராசா கூடைக் காயைத் தானே ஒவ்வொண்ணா அரிஞ்சு பாத்தான். "புழுவை எங்கடி ஒளிச்ச?"

"அது பொறக்கவே இல்லைங்க ராசா."

கொல்லை அவளுக்கே நின்னுச்சு. அதனால பேரைக் கேட்டே ஓடாதீங்க, நின்னு என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க. சடைச்சி வீட்டுக் குழம்பு கொதிச்சுது, நம்ம கதை வத்திச்சுது.