மெழுகு அடைத்த நகம்

பாளையக்காரர்கள் காலத்தில், ஆனைமலை அடிவாரத்தில் குன்னாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். வேட்டைக்காரர்கள் கொண்டுவந்து போடும் புலிநகங்களைச் சுத்தம் செய்து, குழந்தைகள் கழுத்தில் கட்டுவதற்குப் பக்குவப்படுத்திக் கொடுப்பது அவள் தொழில். வயது முப்பத்தைந்துதான். ஆனால் அவள் ஒரு சொல் சொன்னால் ஊரின் பெரிய மீசைகளும் வாயை மூடிக்கொண்டு கேட்கும்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்த நஞ்சப்பனுக்கோ ஐம்பத்திரண்டு வயது. இருவரும் சேர்ந்து விறகு வெட்டப் போன இடத்தில் அவருடைய தம்பி மாறப்பனை ஒரு புலி அடித்துக் கொன்றுவிட்டது. அன்று பிடித்த பயம் அவரை விடவில்லை. பூனை குறுக்கே போனால்கூட நெஞ்சு படபடக்கும். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் குன்னாத்தாள் முன்னால் வந்து நின்றார்.

“தெனமும் புலிநகத்தக் கையில எடுக்கறீங்க. உங்களுக்குப் பயமே இல்லீங்களா, அம்மிணி?”

“எதுக்குங்ணா கேக்கறீங்க?”

“எனக்குப் பயம் போகோணும். அந்த வித்தையச் சொல்லிக் குடுங்க.”

குன்னாத்தாள் ஒரு பானையை அவர் பக்கம் தள்ளினாள். உள்ளே நான்கு நகங்கள் ஊறிக்கொண்டிருந்தன. நாற்றம் வாசல்வரை அடித்தது.

“தண்ணிய மாத்துங்க,” என்றாள்.

அவ்வளவுதான் பாடம். மறுநாளும் அதே பாடம்.

ஏழு நாள் ஊறினால் நகம் இளகும். ஒரு கையால் நகத்தையும், மறு கையால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பையும் பிடித்து மெல்லத் திருகினால், எலும்பு முழுசாகக் கழன்று வந்துவிடும். உட்கூட்டை மூங்கில் சிம்பால் சுரண்டி, சாம்பல் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, நல்லெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்க்க வேண்டும். பிறகு நகத்தின் வாயைத் தேன்மெழுகால் அடைத்துவிட்டால் தட்டாரிடம் போகலாம். அவர் வெள்ளிப்பூண் போடுவார்.

தட்டாரிடம் போவதற்கு முன் ஒரு வழக்கம் உண்டு. நகத்தைச் சுத்தம் செய்தவரே அதை மூன்று நாள் தம் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிய வேண்டும்.

“அது எதுக்குங்க?” என்று கேட்டார் நஞ்சப்பன்.

“கட்டிப் பாருங்க, தெரியும்.”

முதல் நான்கு நகங்களையும் கட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஏதோ சடங்கு போல என்று விட்டுவிட்டார்.

தை மாதத்தில் ஒரு புலி குழியில் விழுந்தது. இடது காது கிழிந்த புலி. அந்தக் காதை நஞ்சப்பனுக்கு நன்றாகத் தெரியும். அதன் நகம் ஒன்றை வாங்கிக்கொண்டு, மூன்று வயது மகளை இடுப்பில் வைத்தபடி வந்தாள் வெள்ளையம்மா, மாறப்பனின் மனைவி.

“அக்கா, இவ அப்பன எடுத்தது இந்தப் புலிதான். இதோட நகம் இவ கழுத்துல கெடக்கட்டும். எதுக்கும் பயப்படாம வளரட்டும்.”

நஞ்சப்பன் அங்கே இருப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பாவம், அவர் என்ன பண்ணுவாரு? திரும்பிப் பாக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சாமே.”

ஊருக்கு அவர் சொல்லியிருந்தது அதுதான். வெள்ளையம்மா வெள்ளிக்கிழமைதோறும் அவருக்குத் தயிர் கொடுத்தனுப்புவாள். அது அவர் தொண்டையில் இறங்கியதே இல்லை.

குன்னாத்தாள் அந்த நகத்தை அவரிடமே கொடுத்தாள்.

ஏழு நாளும் தண்ணீர் மாற்றினார். எட்டாம் நாள் எலும்பைப் பிடித்துத் திருகப் போனவர், சட்டென்று கையை எடுத்துவிட்டார். சுற்றும் முற்றும் பார்த்தார். குன்னாத்தாள் அடுப்படியில் இருந்தாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த எலும்பைக் கத்தியால் நறுக்கிவிட்டு, மிச்சத்தை உள்ளேயே விட்டு, வாயை மெழுகால் அடைத்தார். பிறகு நான்கு நாள் உட்கார்ந்து மேலே தேய் தேய் என்று தேய்த்தார்.

“அடேயப்பா! மொகம் பாக்கலாம் போல இருக்குதுங்ணா,” என்றாள் குன்னாத்தாள். “கட்டிக்குங்க.”

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் உச்சி வெயிலிலும் உடம்புச் சூட்டிலும் மெழுகு இளகியது. மூன்றாம் நாள் ஈ வந்தது. கிணற்றடியில் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். தெருநாய் ஒன்று அவருக்கே சீடனாகி, போகும் இடமெல்லாம் பின்னால் வந்தது. அன்று சாயங்காலம் வெள்ளையம்மா நகத்தை வாங்க வருவதாக இருந்தது.

“நாறுதுங்க, அம்மிணி,” என்று வந்து நின்றார்.

“வெளிய பளபளன்னுதானுங்க இருக்குது.”

“எலும்ப உள்ளயே விட்டு அடைச்சுட்டேனுங்க.”

“தெரியாமயா?”

“தெரிஞ்சேதான்.”

அவள் திட்டவில்லை. உட்கார மணையை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

“திருகறதுக்குப் புடிச்சேனுங்க. புடிச்சதும் அவன் வெரல் மாதிரி இருந்துச்சு.” அவர் தம் விரல்களைப் பார்த்தார். “நான் மரத்து மேல ஏறிட்டேன். மாறப்பன் கீழ நின்னு கைய நீட்டினான். ‘அண்ணா’ன்னான். கொஞ்சம் குனிஞ்சிருந்தா எட்டியிருக்கும். நான் குனியலைங்க.”

“இது யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்கு.”

“நகம் எனக்கில்லீங்களே.”

நஞ்சப்பன் நிலத்தைப் பார்த்தார். “சொன்னா, அந்தக் கொழந்தை அப்புறம் என்னப் பெரியப்பான்னு கூப்பிடாதுங்க.”

“சொல்லாமயும் இருக்கலாம். வெள்ளிப்பூண இறுக்கிப் போட்டா நாத்தம் வெளிய வராது. கொழந்தை கழுத்துல கட்டி விடட்டுங்களா?”

அவர் கழுத்திலிருந்த நகத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பொழுது சாய வெள்ளையம்மா வந்தாள். நஞ்சப்பன் அவள் எதிரில் போய் நின்று, மரத்தையும், நீட்டிய கையையும், தாம் குனியாததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்த குழந்தை, பளபளவென்று தொங்கும் நகத்தைக் கண்டு கையை நீட்டியது.

“பெரியப்பா, எனக்கு.”

வெள்ளையம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்து, குழந்தையின் முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

நஞ்சப்பன் அழுதார். இரண்டு வருஷமாக வராத அழுகை அது. அழுது முடித்ததும் மணையில் உட்கார்ந்து, நகத்தை அவிழ்த்து, மெழுகைக் கிளறி எடுத்தார். நாற்றம் குப்பென்று அடித்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. பானையில் புதுத் தண்ணீர் ஊற்றி, அதில் நகத்தைப் போட்டார்.

“வெறுங்கையோட போயிட்டாளுங்க. இனி வருவாளா, அம்மிணி?”

“எலும்பு கழலறதுக்கு எத்தன நாளுங்ணா?”

“ஏழு நாளு ஆகுமுங்க. அடைச்சு வெச்சுக் காஞ்சு போனதுன்னா இன்னுங்கூட ஆகும்.”

“தண்ணிய மட்டும் தெனமும் மாத்துங்க,” என்றாள் குன்னாத்தாள்.