வேம்பி கேட்ட அரை நாள்

ஓடைக்கு மேற்கே நெல்லிமேடு என்று ஒரு காடு. அங்கே வேம்பி என்ற சருகுமான் தன் இரண்டு குட்டிகளோடு இருந்தது. சருகுமான் முயலை விடக் கொஞ்சம்தான் பெரிசு. வேம்பிக்குக் கூச்சமும் அதிகம். நாலு பேர் கூடி நின்றாலே புதருக்குள் போய்விடும்.

நெல்லிமேட்டில் எல்லாரும் நெல்லி வத்தல் போடுவார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் சந்தை. அங்கே வத்தலைக் கொடுத்துவிட்டுக் கிழங்கும் தானியமும் வாங்கி வருவார்கள். வெயில் காலத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. மழை பிடித்தால் ஓடை பொங்கிவிடும். இரண்டு மாசம் யாரும் தாண்ட முடியாது. போன மழையில் வத்தல் அத்தனையும் பொந்துக்குள்ளேயே பூசணம் பிடித்துப் போனது. வேம்பி வேரைச் சுரண்டிக் குட்டிகளுக்குக் கொடுத்து நாளைத் தள்ளியது. ஓடைமேல் ஒரு பாலம் இருந்திருந்தால் அந்தப் பாடு இல்லை.

அந்தக் காட்டுக்கு ராஜா ஒரு சிங்கம். ராஜாவிடம் யானைகள் இருந்தன. குளம் வெட்டுவது, பாதை போடுவது, மரம் தள்ளுவது எல்லாம் அதுகள்தான். வருஷத்துக்கு நூறு நாள் வேலை செய்யும். அந்த நூறு நாளை எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு என்று மழைக்கு முன்னால் ஒரு நாள் ராஜா பங்கு போட்டுச் சொல்லும். சாயந்தரம் மரங்கொத்தி முரசு தட்டிவிட்டால் முடிந்தது. அப்புறம் ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது.

பங்கு நாள் வந்தது. நெல்லிமேட்டு வத்தல் சங்கம் கூடிப் பேசி, இந்தத் தடவை பாலம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் கேட்கக்கூடாது என்று முடிவு செய்தது. சங்கத் தலைவர் மயிலும் செயலாளர் கீரியும் கிளம்பினார்கள். ராஜாவுக்குக் கொடுக்கிற வத்தல் கூடையைச் சுமக்க வேம்பியைக் கூப்பிட்டார்கள்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம் அம்மணி. கூடையோட நின்னாப் போதும்" என்றது மயில். வேம்பிக்கு அதைக் கேட்டு ரொம்ப நிம்மதி.

அரண்மனைப் பாறையில் ஒரே கூட்டம். ஆமை ஒரு தடவை பாறையைச் சுற்றி வரும் வரைக்கும் ஒரு பக்கத்தார் பேசலாம். கிழக்குப் பக்கத்துப் பன்றிகள் வெடித்த தோலோடு வந்து நின்று, குளம் வற்றிப் போச்சு என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டன. கரடி மந்திரி மரப்பட்டையில் கீறி எழுதிக்கொண்டது.

அடுத்தது நெல்லிமேடு. ஆமை கிளம்பியது. மயில் ராஜாவுக்கு மாலை போட்டது. இலைச் சால்வை போர்த்தியது. மந்திரிக்கும் ஒன்று போர்த்தியது. கீரி வரவேற்புரை வாசித்தது. ஆமை பாதி தூரம் போய்விட்டது. அப்புறம் மயில் பேச ஆரம்பித்தது. எங்கள் வத்தல் இல்லாமல் இந்தக் காட்டில் யாருக்கும் கஞ்சி இறங்காது என்றது. மற்ற பக்கமெல்லாம் கைநீட்டும், எங்கள் பக்கம் கைகொடுக்கும் என்றது. பேசப் பேச அதன் தோகை விரிந்துகொண்டே போனது. இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று வேம்பி ஆமையையே பார்த்துக்கொண்டு நின்றது.

ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். நெல்லிமேட்டுக்குக் 'காட்டின் களஞ்சியம்' என்று பட்டம் கொடுத்தது. "இவ்வளவு செழிப்பா இருக்கிற உங்களுக்கு நான் என்ன செய்யணும்? நீங்கதான் மத்தவங்களுக்குச் செய்யணும்" என்று சிரித்தது. ஆமை வந்து சேர்ந்துவிட்டது.

வெளியே வந்ததும் மயிலுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"பாலம் கேட்கலீங்களே" என்றது வேம்பி, மெதுவாக.

மயில் திரும்பிப் பார்த்தது. "அட, ஆமா. சரி விடு அம்மணி, அடுத்த வருஷம் கேட்டுக்கலாம். ராஜா வாயால பட்டம் வாங்கிட்டு, திரும்பிப் போய்க் குறை சொன்னா நம்ம பக்கத்துக்குக் கேவலமில்லையா?"

மயில் கெட்டதில்லை. ஆனால் அது ஓடையைப் பறந்து தாண்டுகிற ஜாதி. அதன் காலில் ஓடைத் தண்ணீர் பட்டதே இல்லை.

வேம்பிக்குக் குட்டிகள் வேரைக் கடித்துக்கொண்டு அழுதது கண்ணுக்குள் வந்தது. காலிக் கூடையைக் கீழே வைத்தது. கரடி மந்திரி உட்கார்ந்திருந்த இடத்துக்குத் திரும்பிப் போனது.

"நெல்லிமேடா? உங்களுக்குக் குறையில்லைன்னு எழுதியாச்சே" என்றது கரடி.

"அது தப்புங்க ஐயா" என்றது வேம்பி. அதுவரை அது அப்படி யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. ஓடை, பூசணம், வேர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தது.

கரடி வாயில் போடப் போன நெல்லி வத்தலைக் கீழே வைத்தது. "இதை உங்க தலைவர் சொல்லலையே?"

"அவரு பறந்துருவாருங்க. நாங்க நடக்கணுங்க."

கரடி மரப்பட்டையைப் புரட்டியது. "எல்லாம் பங்கு போட்டாச்சும்மா. ஒரே ஒரு நாள் மிச்சம். பாலம்னா இருபது நாளாவது ஆகுமே?"

"அரை நாள் போதுங்க. கரையில ரெண்டு மரம் இடி விழுந்து பட்டுப்போய் நிக்குது. ஒரு யானை வந்து ஓடைமேல சாச்சுவிட்டா, அந்தக் கரையைத் தொட்டுரும். தினமும் அந்த வழியா நடக்கிறேனுங்க, நீளம் எனக்குத் தெரியும்."

கரடி அதை ஏற இறங்கப் பார்த்தது. "இன்னைக்கு வந்தவங்கள்ல, இருக்கிறதுல மிச்சம் வச்சுக் கேட்டது நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு ராஜாவிடம் எழுந்து போனது.

சாயந்தரம் முரசு தட்டினார்கள். நெல்லிமேட்டுக்கு அரை நாள் என்றதும் மற்ற பக்கத்தார் கொல்லென்று சிரித்தார்கள். மயில் கழுத்தை மடக்கிக்கொண்டது. இதை வாங்காமலே இருந்திருக்கலாம் என்று வழியெல்லாம் புலம்பியது.

யானை வந்தது, மரங்களைச் சாய்த்தது, போனது. ஒன்பதாம் நாள் மழை பிடித்தது. ஓடை கரை புரண்டு ஓடியது. அதற்கு மேலே மரத்தில் முயலும் முள்ளம்பன்றியும் வத்தல் மூட்டையோடு வரிசையாகச் சந்தைக்குப் போயின. வேம்பியும் குட்டிகளோடு போனது.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். மயில். தோகை தொப்பலாக நனைந்து, பறக்க முடியாமல் நின்றது.

"கொஞ்சம் தள்ளிக்க கண்ணு, நானும் வர்றேன்" என்றது குட்டியிடம்.

குட்டி தள்ளி இடம் விட்டது.

உதவி கேட்கப் போன இடத்தில் பெருமை பேசினால் பட்டம்தான் கிடைக்கும். கூச்சப்படாமல் குறையை உள்ளபடி சொன்னால்தான் அது தீரும்.