முன்னோர் சுமந்த மண்

நெடுங்கரை நாட்டை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம், நான் தேடிவிட்டேன். அங்கே கடம்பராயர் என்று ஒரு ராஜா இருந்தார். ராஜா இருந்தும், நாட்டுச் சபைக்கு ஒரு தலைவரை ஆறு வருஷத்துக்கு ஒருமுறை மக்களே குடத்தில் ஓலை போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். போட்டி இரண்டு அணிகளுக்குள். புதுவழியார் தங்கள் ஆளைத் தாங்களே பொறுக்கிக்கொள்வார்கள். முன்னோர்வழியார் எதையும் தாங்களாக முடிவு செய்வதில்லை. ஆகவே அவர்கள் சார்பில் யார் நிற்பது என்பதை ராஜாதான் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் மூன்று பேர் வந்து நின்றார்கள்.

முதலாமவர் ஆண்டியப்ப வல்லாளர். தாத்தா கட்டிய வீட்டில் கூரை ஓடு ஒன்றைக்கூட மாற்றாதவர். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு சாப்பிடுவார். இரண்டாமவர் சடையநம்பி. மிளகாய் கப்பலில் வந்த புதுச்சரக்கு என்று அதைத் தொடமாட்டார், மிளகுதான். (இந்த விஷயத்தில் அவர் சொன்ன சரித்திரம் சரி. வேறு எதிலும் சரியில்லை.) மூன்றாமவர் குமாரவிடங்கர். அவர் வீட்டில் தினமும் கட்டையைக் கடைந்துதான் அடுப்பு மூட்டுவார்கள். காலைப் பலகாரம் மத்தியானம் வரும்.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. அரசவை விகடகவியைக் கூப்பிட்டார். அவர் பெயர் உலகளந்தான். ஆள் நாலரை அடி.

"ஓய் உலகளந்தான், மூவரையும் எடைபோட்டுச் சொல்லும். யார் அசல் பழமைக்காரர்?"

"மூவரும்தான், மகாராஜா. போன வாரம் ஒருவரை ஒருவர் 'நவீனக்காரன்' என்று திட்டிக்கொண்டார்கள். அதைவிடக் கெட்ட வார்த்தை அவர்களிடம் இல்லை."

"நழுவாதீர். ஒரு வாரம் தருகிறேன். தவறாகச் சொன்னால் உமக்குப் பெரிய ஏரியில் காவல் வேலை. கரைக்குக் கீழே குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டியது."

அந்தக் காவலுக்குப் போக ஊரில் யாரும் துணிவதில்லை. காரணம் உண்டு. மதகுக்குப் பக்கத்தில் ஏரிக்கரை ஒரு முழம் உள்வாங்கிக் கிடந்தது. அதற்குக் கீழே பதினோரு ஊர். நாலு வருஷமாகச் சபையில் மராமத்துப் பேச்சு எழும்போதெல்லாம் முன்னோர்வழியார் எழுந்து, "முன்னோர் கட்டிய கரையில் நாம் கைவைப்பதா?" என்று கண் கலங்குவார்கள். பேச்சு அதோடு முடியும். ஐப்பசி மழைக்கு இன்னும் எட்டே நாள்.

மறுநாள் சபை கூடியது. உலகளந்தான் பழுப்பேறிய ஓலை ஒன்றைப் பட்டுத்துணியிலிருந்து எடுத்தார்.

"மகாராஜா, சுவடி அறையில் கிடைத்தது. கேளுங்கள்: தலைமைக்கு நிற்க விரும்புகிறவர், பெரிய ஏரிக்கரை தாழ்ந்த இடத்தில், தம் தோளில் நூறு கூடை மண் சுமந்து கொட்டுவது முன்னோர்..."

"வழக்கம்!" என்று வல்லாளர் முடித்துவைத்தார். "இது தெரியாதா எனக்கு? என் தாத்தா நூற்றிருபது கூடை சுமந்தார். நான் மடியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்."

"நூற்றிருபதா!" சடையநம்பி சிரித்தார். "எங்கள் தாத்தா முந்நூறு. அதுவும் அந்தக் காலத்துக் கூடை ஐயா, பனைநார்க் கூடை. இப்போது இருக்கிறதே, அது கூடையா? கிண்ணம்!"

குமாரவிடங்கர் நிதானமாக எழுந்தார். "இவர்களுக்குத் தாத்தாவோடு நின்றுபோய்விட்டது போலிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் சுமக்கிறோம். வெளியில் சொல்லிக்கொள்வதில்லை."

"எங்கே சுமந்தீர்?" என்றார் வல்லாளர்.

"சொல்லிக்கொள்வதில்லை என்றேனே!"

ராஜா கையை உயர்த்தினார். "சரி. சுமந்து காட்டுங்கள்."

விடியுமுன் மூவரும் கரையில் இருந்தார்கள். வல்லாளர் நூறைத் தாண்டினார். அதைப் பார்த்து நம்பி நூற்றைம்பதைத் தொட்டார். விடங்கர் பலகாரத்துக்குக் காத்திராமல் வந்திருந்ததால் இருநூறு. இடுப்பு பிடித்துக்கொண்டதும், "எங்கள் தாத்தாவோடு ஊரே சுமந்தது" என்று நம்பி தம் ஆட்களை இறக்கினார். மற்ற இருவருக்கும் அது உடனே நினைவு வந்தது. ஐந்து நாள் அறுநூறு பேர் மண் சுமந்தார்கள். உள்வாங்கிய இடம் பழைய கரையைவிட இரண்டு முழம் உயர்ந்தது. மழை வந்தது, ஏரி தளும்பியது, கரை அசையவில்லை.

ராஜா உலகளந்தானைத் தனியே அழைத்தார்.

"நான் தந்த வாரம் எப்போதோ முடிந்தது. யார் அசல்?"

"முதலில் இந்த ஓலையைத் தடவிப் பாருங்கள், மகாராஜா."

ராஜா தடவினார். விரலில் கரி ஒட்டியது.

"நூறு வருஷத்து எழுத்தில் கரி ஒட்டுமா?"

"ஒட்டாது. இது உங்களோடு பேசிவிட்டு வீட்டுக்குப் போய் நான் கீறியது. ராத்திரி முழுக்க அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டேன். என் மனைவி, 'கருவாடா?' என்று கேட்டாள்."

ராஜாவின் முகம் சிவந்தது. "அப்படியென்றால் அந்த மூன்று தாத்தாக்களும்..."

"பாவம், அவர்கள் ஒரு கூடைகூடச் சுமக்கவில்லை."

"மூவரும் பொய்யர்கள்! ஒருவரும் தேற மாட்டார்கள்!"

"அவசரப்படாதீர்கள், மகாராஜா. யாரை வேண்டுமானாலும் நிறுத்துங்கள். நாட்டுக்குப் புதிதாக என்ன தேவை என்று மட்டும் எனக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். புகை போட்டுக் கொடுத்துவிடுகிறேன்."

ராஜா கரி விரலோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், மீசையெல்லாம் கரி. பிறகு மூன்று பெயரையும் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தார். எது வந்தது என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். யாருக்கும் நினைவில்லை.

உலகளந்தானுக்கு என்ன பரிசு என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அன்று சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் அரண்மனையிலிருந்து ஒரு வண்டி விறகு வந்து இறங்கியது. அத்தனையும் ஈர விறகு.