நாலு பக்க மன்னிப்பு

துளசிராமுக்கு அறுபத்தாறு வயது. மதுரையில் முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்துவிட்டு மடத்துக்கு வந்தவர். அவருடைய குருவுக்கோ ஐம்பதுகூட நிரம்பவில்லை. துளசிராம் வீட்டில் பேசியது சௌராஷ்டிரம், மேடையில் பேசியது தமிழ். கையில் மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்குவது பெரும்பாடு என்று ஊரில் சொல்வார்கள்.

ஒரு நாள் காலை அவர் குருவிடம் கேட்டார்.

"சாமி, ரெண்டு மொழி தெரிஞ்சவனுக்குச் சொல்லெல்லாம் மனசுல ஒரே இடத்துல இருக்கா, தனித்தனியா இருக்கா?"

குரு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கேக்குறது வாத்தியாரா, துளசிராமா?"

துளசிராம் குரலைத் தாழ்த்தினார். மடத்தில் அது அபூர்வம்.

"எங்க அக்காகிட்ட மன்னிப்பு கேட்டு நாலு பக்கம் தமிழ்ல எழுதினேன் சாமி. மேற்கோள் மட்டும் ஆறு. பத்து வருஷமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல. அவளுக்கும் எழுபத்தஞ்சு ஆயிடுச்சு. நேத்து போன் பண்ணினா."

"என்ன சொன்னாங்க?"

"'லெட்டர் ரொம்ப நல்லா இருந்துச்சு சார்'னு தமிழ்ல சொல்லிட்டு வச்சுட்டா. வெளியாள்கிட்டதான் நாங்க தமிழ் பேசுவோம்."

சொல்லும்போதே அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"அவங்கள அப்படி என்ன சொன்னீங்க?"

"அவ வீட்டுக்காரர் செத்த அன்னைக்கு, எல்லாரும் இருக்கும்போதே, 'உன் ராசிதான் அவரை முழுங்கிடுச்சு'ன்னு சொல்லிட்டேன்."

பாடம் ஒப்பிப்பதுபோல் தடங்கலில்லாமல் வந்தது.

"அன்னைக்கும் தமிழ்லதான் சொன்னீங்களா?"

"இல்ல. எங்க பாஷையில."

"அதுல சொல்லுங்க."

"உங்களுக்குப் புரியாதே சாமி."

"எனக்குப் புரிய வேண்டாம்."

துளசிராம் வாயைத் திறந்தார். முதல் சொல்லே வரவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. எதிரில் இருப்பவருக்கும் அந்த மொழி தெரியாது. ஆனாலும் வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அன்று அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. மறுபடி முயன்றார்.

"முடியல சாமி. வாய் கூசுது."

"இப்ப தமிழ்ல சொன்னீங்களே, அப்போ கூசலையா?"

"இல்ல."

"நாலு பக்கம் எழுதினப்போ?"

துளசிராமால் தலை நிமிர முடியவில்லை.

"கூசல சாமி. எழுதி முடிச்சு, நடை நல்லா வந்திருக்கான்னு ரெண்டு தடவை வாசிச்சுப் பார்த்தேன்."

குரு கீரைக் காம்புகளை ஒதுக்கித் தள்ளினார்.

"அப்போ, வாய் கூசுற பாஷையில போய்க் கேளுங்க."